கப்பல் சுமக்காததைத் தோள் சுமக்கும்

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாலை. இங்கே விசாகப்பட்டினம் ஆர்.கே. பீச்சில் கடற்படையின் செயல்விளக்கம் பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். கூட்டம் சொல்லி மாளாது. இறங்கு படகு ஒன்று வேகமாக வந்து மணலில் மூக்கை முட்டி நின்றது. முன்கதவு சரிந்தது. சிப்பாய்கள் திபுதிபுவென்று ஓடி வந்து மணலில் படுத்துத் துப்பாக்கியை நீட்டினார்கள். கைதட்டல் அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

அப்போது பையன் கேட்டான், "அப்பா, இவங்க மட்டும் இறங்கி என்ன பண்ணுவாங்க? அந்தப் பக்கம் டாங்க் இருந்தா?"

என்னிடம் பதில் இல்லை. கூட வந்திருந்த மேல்வீட்டு அண்ணாச்சியிடம் இருந்தது. தூத்துக்குடிக்காரர், கடற்படையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, இவங்க வேகமா இறங்கி, வேகமா ஒரு இடத்தைப் பிடிக்கிறதுக்குன்னே உள்ளவங்க. டாங்கியத் தூக்கிட்டுப் போனீங்கன்னா, அப்புறம் டாங்கிக்கு டீசல் கொண்டு போறதுக்கே ஒரு போர் நடத்தணும்" என்றார்.

அன்று ஆரம்பித்த வாக்குவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை. கடலிலிருந்து கரையிறங்கும் லேசான காலாட்படைக்குக் கனமான ஆயுதமும் துணையும் வேண்டுமா, வேண்டாமா? நான் ராணுவ நிபுணன் இல்லை. துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கணக்கு பார்க்கிறவன். ஆனால் இந்தக் கேள்வியில் பாதிக்கு மேல் சரக்குக் கணக்குதான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில், யார் இந்த லேசான படை? துப்பாக்கி, இயந்திரத் துப்பாக்கி, ஆள் தூக்கிப் போகக்கூடிய மோர்ட்டார், தோளில் வைத்துச் சுடும் டாங்கி எதிர்ப்பு ஏவுகணை, இவ்வளவோடு கப்பலில் வந்து படகிலோ ஹெலிகாப்டரிலோ கரையிறங்குகிறவர்கள். பிரிட்டனின் ராயல் மரீன்கள் இதற்கு நல்ல உதாரணம். நம் நாட்டில் தனி மரீன் படை கிடையாது. ராணுவத்தின் சில காலாட்படை பிரிகேடுகளை இதற்கென்று பழக்கி வைத்திருக்கிறார்கள். திருவனந்தபுரம் பாங்கோட்டில் இருக்கும் 91வது காலாட்படை பிரிகேட் அதில் ஒன்று.

அவர்கள் லேசாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கப்பலில் இடம் குறைவு. கடற்கரை மணல் கனத்தைத் தாங்காது. கிரேன், ஜெட்டி எதுவும் இருக்காது. ஒவ்வொரு டன்னையும் அலைக்கு நடுவே படகில் மாற்றிக் கரை சேர்க்க வேண்டும். நல்ல துறைமுகத்திலேயே 60 டன் பெட்டி ஒன்றை இறக்குவது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். ஆக, அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அந்த நியாயம் எதுவரை செல்லும் என்று பார்க்க, 1982 ஃபாக்லாந்து போரை விட நல்ல பாடம் வேறில்லை.

1982 ஏப்ரல் 2ஆம் தேதி அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளைப் பிடித்தது. பிரிட்டனிலிருந்து சுமார் 13,000 கி.மீ. தள்ளி, தென் அட்லாண்டிக்கில் இருக்கும் தீவுகள். மீட்கப் போனது 3வது கமாண்டோ பிரிகேட். 40, 42, 45 என்று மூன்று ராயல் மரீன் கமாண்டோ பட்டாலியன்கள், கூடவே 2 பாரா, 3 பாரா என்று இரண்டு பாராசூட் பட்டாலியன்கள். தளபதி பிரிகேடியர் ஜூலியன் தாம்சன். மே 21 அன்று சான் கார்லோஸ் என்ற இடத்தில் பெரிய எதிர்ப்பு இல்லாமல் கரையிறங்கிவிட்டார்கள். அதுவரை லேசான படை அழகாக வேலை செய்தது.

பிடிக்க வேண்டிய தலைநகர் ஸ்டான்லி தீவின் மறுகோடியில் இருந்தது. நடுவே சாலை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சதுப்பும் கல்லும்தான். ஹெலிகாப்டரில் ஆளையும் பீரங்கியையும் தூக்கிப் போவது என்று திட்டம். அதற்கான சினூக் ஹெலிகாப்டர்கள் அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலில் வந்தன. மே 25 அன்று அந்தக் கப்பல் மீது எக்சோசெட் ஏவுகணை பாய்ந்தது. 12 பேர் இறந்தார்கள். மூன்று சினூக், ஆறு வெசெக்ஸ் ஹெலிகாப்டர்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்கான கூடாரங்கள் எல்லாம் போயின. அந்த நேரத்தில் பறந்து கொண்டிருந்ததால் ஒரே ஒரு சினூக் தப்பியது. பிறகு அந்த ஒன்றே ஒரு முறை 81 பேரை அடைத்துக் கொண்டு பறந்தது என்பார்கள்.

மற்றவர்கள்? நடந்தார்கள். 45 கமாண்டோ மூன்று நாளில் சுமார் 90 கி.மீ. நடந்தது. ஒவ்வொருவர் முதுகிலும் கிட்டத்தட்ட 36 கிலோ. குளிர்காலம், ஈரக் காலணி, கால் புதையும் சதுப்பு. நம் வீட்டில் ஒரு அரிசி மூட்டை 25 கிலோ. அதைத் தூக்கி மூன்றாவது மாடி ஏறினாலே நமக்கு மூச்சு முட்டுகிறது.

நான் சொல்ல வருவது இதைத்தான். சுமை எங்கேயும் காணாமல் போவதில்லை. "நாங்கள் லேசான படை" என்று சொல்லிவிட்டால் குண்டின் எடை குறையாது, தண்ணீரின் எடை குறையாது. கப்பலும் வண்டியும் ஹெலிகாப்டரும் சுமக்காததைச் சிப்பாயின் தோள் சுமக்கும். தோளும் சுமக்க முடியாததை விட்டுவிட்டுப் போவார்கள். விட்டுவிட்டுப் போனதற்கு விலை, உயிர்.

இதை நிரூபிக்க ஒரே பட்டாலியனின் இரண்டு சண்டைகளைப் பார்த்தால் போதும்.

முதல் சண்டை கூஸ் கிரீன், மே 28. போனது 2 பாரா. சுமார் 600 பேர். துணைக்கு வந்தவை மூன்றே மூன்று 105 மிமீ பீரங்கிகள். பட்டாலியனிடம் இருந்த எட்டு மோர்ட்டார்களில் இரண்டைத்தான் கொண்டு போனார்கள். மோர்ட்டார் குழாயைத் தூக்கிவிடலாம், அதற்கான குண்டுகளை யார் தூக்குவது? இரவில் துணைக்குச் சுட்ட ஆரோ என்ற போர்க்கப்பலின் பீரங்கி நடுவில் மக்கர் செய்தது. பகலில் வர வேண்டிய ஹாரியர் விமானங்கள் கடலில் மூடுபனி என்பதால் மாலைவரை வர முடியவில்லை. மரம் இல்லாத வெட்டவெளியில், பதுங்குகுழிக்குள் இருந்து சுடும் எதிரியை நோக்கி, விடிந்த வெளிச்சத்தில் துப்பாக்கியோடு முன்னேற வேண்டியதாகிவிட்டது. பட்டாலியன் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹெச். ஜோன்ஸ் உட்பட பிரிட்டிஷ் தரப்பில் 15 பேருக்கு மேல் இறந்தார்கள். கடைசியில் ஜெயித்தார்கள். 900க்கும் மேற்பட்ட அர்ஜென்டினர்கள் சரணடைந்தார்கள். அந்தத் துணிச்சலைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். ஆனால் துணிச்சல், இல்லாத பீரங்கிக்கு ஈடாகச் செலவழிக்கப்பட்டது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு.

இதில் வயிற்றெரிச்சலான விஷயம் ஒன்று உண்டு. கரையிறங்கிய படையிடம் அப்போதே எட்டு லேசான டாங்கிகள் இருந்தன. ப்ளூஸ் அண்ட் ராயல்ஸ் என்ற குதிரைப்படைப் பிரிவின் நான்கு ஸ்கார்பியன், நான்கு சிமிட்டார். ஒவ்வொன்றும் சுமார் 8 டன். அலுமினியக் கவசம். அவற்றைக் கூஸ் கிரீனுக்கு அனுப்பவில்லை. சதுப்பில் போகுமா என்ற சந்தேகம். பின்னால் பார்த்தால் அவை அந்தச் சதுப்பில் நன்றாகவே ஓடின. பட்டைச் சக்கரம் அகலமாக, எடை பரவலாக இருப்பதால், ஒரு மனிதன் கால் ஊன்றி நிற்கும்போது தரையில் விழும் அழுத்தத்தை விட அதன் அழுத்தம் குறைவு. நெல் வயலில் டிராக்டருக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டுகிறார்களே, அதே தத்துவம்தான்.

இரண்டாவது சண்டை வயர்லெஸ் ரிட்ஜ், ஜூன் 13 இரவு. அதே 2 பாரா. புதுத் தளபதி லெப்டினன்ட் கர்னல் டேவிட் சாண்ட்லர். இந்த முறை துணையில்லாமல் நகர மாட்டோம் என்பதில் உறுதியாக இருந்தார்கள். இரண்டு பேட்டரி, அதாவது 12 பீரங்கிகள். ஆம்பஸ்கேட் போர்க்கப்பலின் பீரங்கி. இரண்டு பட்டாலியன்களின் மோர்ட்டார்கள். கூடவே இரண்டு ஸ்கார்பியன், இரண்டு சிமிட்டார். முதலில் மலையை அடித்து நொறுக்கிவிட்டுப் பிறகு ஆட்கள் ஏறினார்கள். இறந்தவர்கள் 3 பேர். மறுநாள் ஸ்டான்லி சரணடைந்தது.

இரண்டும் ஒரே மாதிரி சண்டை இல்லை என்பது எனக்கும் தெரியும். ஜூன் மாதத்தில் அர்ஜென்டினச் சிப்பாய்கள் குளிரிலும் பசியிலும் சோர்ந்து போயிருந்தார்கள். 2 பாராவுக்கும் முதல் சண்டையின் அனுபவம் இருந்தது. அதையெல்லாம் கழித்தாலும், அதே ஆட்கள், அதே துப்பாக்கி, அதே மாதிரி மலைமேடு. பெரிய வித்தியாசம் பின்னால் நின்ற இரும்பு.

இந்த இரண்டுக்கும் நடுவே ஜூன் 8 அன்று ஃபிட்ஸ்ராய் என்ற இடத்தில் நடந்தது இன்னும் கொடுமை. வெல்ஷ் கார்ட்ஸ் என்ற பட்டாலியன் முன்னே போக வேண்டும். ஆரம்பித்த நடையைப் பாதியில் விட்டுத் திரும்பியிருந்தார்கள். தூக்கிப் போக ஹெலிகாப்டர் போதவில்லை. கப்பலில் ஏற்றிக் கரையோரமாகக் கொண்டு போனார்கள். போதுமான விமான எதிர்ப்புப் பாதுகாப்பு இல்லாமல் பட்டப்பகலில் நின்ற சர் கலஹாட் கப்பல் மீது அர்ஜென்டின விமானங்கள் குண்டு போட்டன. 48 பேர் இறந்தார்கள். அதில் 32 பேர் வெல்ஷ் கார்ட்ஸ் சிப்பாய்கள். எதிரியைக் கண்ணால் பார்க்கும் முன்பே போய்விட்டார்கள். சில ஹெலிகாப்டர்கள் இல்லாமல் போனதன் விலை, இரண்டு வாரம் கழித்து, வேறொரு இடத்தில், வேறு ஆட்களிடம் வசூலிக்கப்பட்டது.

இதை அண்ணாச்சியிடம் சொன்னபோது அவர் விடவில்லை. "சரி தம்பி, கனமான சாமான் கொண்டு போய் நாசமான கதையும் உண்டுல்லா? தியெப் என்னாச்சு?" என்றார்.

உண்மைதான். 1942 ஆகஸ்ட் 19. பிரான்ஸின் தியெப் துறைமுகத்தில் கனடியப் படை கரையிறங்கியது. லேசான படை அடிபடும் என்று யோசித்து, சுமார் 40 டன் எடையுள்ள சர்ச்சில் டாங்கிகளையும் கூடவே கொண்டு போனார்கள். அந்தக் கடற்கரையில் மணல் இல்லை, கூழாங்கல். பட்டைச் சக்கரத்துக்குள் கல் சிக்கிப் பல டாங்கிகள் அங்கேயே நின்றன. சுவரைத் தாண்டி ஏறிய சிலவும் ஊருக்குள் போகும் தெருக்களை அடைத்திருந்த கான்கிரீட் தடுப்புகளால் உள்ளே நுழைய முடியவில்லை. கரையிறங்கிய டாங்கி ஒன்றுகூட இங்கிலாந்து திரும்பவில்லை. கனடியர்கள் 900க்கும் மேல் இறந்தார்கள்.

ஆனால் அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். "இனி டாங்கியே வேண்டாம்" என்று யாரும் முடிவு செய்யவில்லை. மேஜர் ஜெனரல் ஹோபார்ட் தலைமையில் 79வது கவச டிவிஷன், கரைக்கென்றே விதவிதமான டாங்கிகளைப் பழக்கியது. பாய் விரித்துக் கொண்டே போவது, பாலம் போடுவது, கண்ணிவெடியைச் சங்கிலியால் அடித்து வெடிக்க வைப்பது, நீந்தி வருவது என்று. 1944 நார்மண்டியில் அவை இறங்கின. அதாவது தியெப் கற்றுக்கொடுத்தது, எந்தக் கரைக்கு எந்தக் கனம் என்று பார்த்து எடுத்துப் போக வேண்டும் என்பதை.

1943 நவம்பரில் பசிபிக்கின் தராவாவிலும் இதே பாடம். பவளப்பாறைத் திட்டுக்கு மேல் தண்ணீர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. சாதாரண இறங்கு படகுகள் திட்டில் தட்டி நின்றன. அமெரிக்க மரீன்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்தே வந்து சுடப்பட்டார்கள். பட்டைச் சக்கரம் வைத்த நீர்நில வாகனங்கள் மட்டும் திட்டின் மேல் ஏறி வந்தன. அவை போதுமான எண்ணிக்கையில் இல்லை. மூன்று நாளில் சுமார் 1,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள்.

இப்போது சமீபத்திய கதைக்கு வருவோம். அண்ணாச்சி கட்சிக்காரர்கள் அடிக்கடி எடுத்து வைக்கும் வாதம் இது. 2020ல் அமெரிக்க மரீன் படையின் தலைவர் ஜெனரல் டேவிட் பெர்கர் ஒரு பெரிய மாற்றத்தை அறிவித்தார். மரீன்களிடம் இருந்த டாங்கிகள் அத்தனையும் போக வேண்டும். பீரங்கி பேட்டரிகள் 21லிருந்து 5 ஆகக் குறைய வேண்டும் (பிறகு இதை 7 என்று மாற்றினார்கள்). ஓய்வு பெற்ற ஜெனரல்கள் பலர் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார்கள். டாங்கிகள் போயேவிட்டன. "பார்த்தீங்களா, உலகத்திலேயே பெரிய மரீன் படையே லேசாகிவிட்டது" என்கிறார்கள்.

நான் அதை அப்படிப் படிக்கவில்லை. டாங்கியை விற்ற காசில் அவர்கள் ஏவுகணை வாங்கினார்கள். ஆளில்லா வண்டியில் வைத்து, 185 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் கப்பலை அடிக்கும் ஏவுகணை அமைப்பு. 2025 ஏப்ரலில் அதைப் பிலிப்பைன்ஸின் படானெஸ் தீவுகளுக்குக் கொண்டு போய் ஒத்திகை பார்த்தார்கள். 60 டன் டாங்கியைக் கொடுத்து, நீண்ட கை ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் லேசாவது இல்லை, கனத்தை மாற்றிக் கொள்வது. அவர்கள் யோசிக்கும் வேலையும் வேறு. ஒரு தீவைச் சண்டை போட்டுப் பிடிப்பதை விட, ஒரு தீவில் இருந்துகொண்டு கடலை அடைப்பதுதான் அவர்கள் குறி. டாங்கி தேவைப்பட்டால் கூப்பிட அவர்களுக்குத் தரைப்படை இருக்கிறது. நமக்கு அந்த வசதியைத் தீவு வரைக்கும் கொண்டு சேர்க்கக் கப்பல் வேண்டும். அமெரிக்கர்களுக்கே அங்கேதான் இடிக்கிறது. ஏவுகணை வந்துவிட்டது. அதைத் தீவுக்குத் தீவு நகர்த்தும் நடுத்தர இறங்கு கப்பல் திட்டம் வருடக்கணக்கில் தாமதமானது.

சரி, நம் கதை என்ன?

1971 டிசம்பரில் காக்ஸ் பஜாரில் ஒரு கரையிறக்கம் நடந்தது. பர்மா பக்கம் தப்பி ஓடும் பாகிஸ்தான் படைகளை மறிப்பதற்கு கூர்க்கா பட்டாலியன் ஒன்றை அனுப்பினார்கள். கரையின் சாய்வும் மணல்மேட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளமும் முன்கூட்டிச் சரியாகத் தெரியவில்லை. கப்பல் மேட்டில் தட்டி நின்றது. முதலில் இறங்கியவர்கள் முதுகுச் சுமையோடு ஆழத்தில் இறங்கிவிட்டார்கள். எதிரி சுடாமலே உயிரிழப்பு. மீதிப் பேரை உள்ளூர்ப் படகுகளை வைத்துக் கரை சேர்த்தார்கள். லேசான படை, எதிர்ப்பே இல்லாத கரை. ஆனாலும் சுமை தோளில் இருந்தது.

அதற்கு மாறாக 1988 நவம்பர் 3. மாலத்தீவு அரசைக் கவிழ்க்க இலங்கைத் தமிழ் ஆயுதக்குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் கூலிக்கு இறங்கியபோது, ஆக்ராவிலிருந்து நம் பாராசூட் வீரர்கள் விமானத்தில் போய் ஹுல்ஹுலே தீவில் இறங்கினார்கள். கிடைத்த படகுகளில் மாலேவுக்குக் கடந்தார்கள். ஒரே இரவில் முடிந்தது. லேசான படை எவ்வளவு அழகாக வேலை செய்யும் என்பதற்கு இது நல்ல சாட்சி. எதிரியும் லேசாக, ஆயத்தமில்லாமல் இருந்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போதும் கடல் வழியே தப்பிய கப்பலைப் பிடிக்கக் கோதாவரி, பேட்வா என்று பீரங்கி வைத்த போர்க்கப்பல்கள்தான் தேவைப்பட்டன.

அடுத்த முறை எதிரி அப்படி இருப்பான் என்று யார் உறுதி சொல்வது? நமக்குக் கரையிறங்கும் படை எதற்கு வேண்டும் என்று கேட்டால் முதல் பதில் அந்தமான் நிக்கோபார். ஐநூறுக்கும் மேற்பட்ட தீவுகள். நம் சொந்தபந்தங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். அதில் ஒரு தீவு பறிபோய், அதைத் திரும்பப் பிடிக்க வேண்டி வந்தால், அது மாலே மாதிரி இருக்காது. கூஸ் கிரீன் மாதிரி இருக்கும்.

இங்கே கையிருப்பு என்ன என்று பார்த்தால் கவலையாக இருக்கிறது. பெரிய கப்பல் ஒன்றே ஒன்றுதான், ஜலாஷ்வா. 1971ல் அமெரிக்கக் கடற்படையில் ட்ரென்டன் என்ற பெயரில் சேர்ந்து, 2007ல் நம்மிடம் வந்த பழைய கப்பல். 2004 சுனாமியின்போது இப்படி ஒன்று இல்லாமல் பட்ட பாடுதான் வாங்கத் தூண்டியது என்பார்கள். நம்மில் சிலருக்கு அந்தக் கப்பலை நேரிலேயே தெரிந்திருக்கும். 2020 ஜூனில் கொரோனா நேரத்தில் கொழும்பிலும் மாலேயிலும் மாட்டிக்கொண்ட நம் மக்களைத் தூத்துக்குடிக்குக் கொண்டு வந்து சேர்த்தது அதுதான்.

அதோடு வந்த யு.எச்-3எச் ஹெலிகாப்டர்கள் 2024 ஜூனில் ஓய்வு பெற்றன. அவற்றின் இடத்துக்கு வந்த சீ கிங்குகளும் 1980களின் சரக்குதான். போலந்தில் கட்டிய சீட்டா, குல்தார், கும்பிர் என்ற மூன்று இறங்கு கப்பல்கள் 2024 ஜனவரியில் போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஓய்வு பெற்றன. மகர் 2023 மே மாதம் போய்விட்டது. ஷார்துல் வகைக் கப்பல்களும் கொல்கத்தாவில் கட்டிய எட்டு புது இறங்கு படகுகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஜலாஷ்வா மாதிரி நான்கு பெரிய கப்பல்கள் வாங்க 2013ல் கேட்ட டெண்டரை 2020ல் திரும்பப் பெற்றார்கள். 2021ல் மறுபடி முதலிலிருந்து விவரம் கேட்டார்கள். 2025 அக்டோபரில்தான் கொள்கை அளவில் ஒப்புதல் வந்தது. ஒப்புதலுக்கும் கப்பலுக்கும் நடுவே எத்தனை வருடம் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

டாங்கி விஷயத்துக்கு வந்தால், ஆவடியில் செய்யும் அர்ஜுன் மார்க் 1ஏ 68 டன். ஜலாஷ்வாவின் வயிற்றில் இருக்கும் படகுகள் ஒரு நடைக்கு சுமார் 55 டன்தான் ஏற்றும். ஏறவே ஏறாது. டி-72 ஏறும். அதே ஆவடியின் ஆராய்ச்சி நிலையம் எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய ஜோராவர் சுமார் 25 டன், 105 மிமீ பீரங்கி. லடாக்குக்காக யோசித்தது. 2024ல் பாலைவனத்திலும் மலை உயரத்திலும் சுட்டுச் சோதித்தார்கள். 8 டன் ஸ்கார்பியன் செய்த வேலையை நினைத்துப் பார்க்கும்போது, இந்த 25 டன் வண்டி ஏன் மலைக்கு மட்டும் போக வேண்டும், தீவுக்கும் ஏன் போகக்கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆக என் கட்சி இது. கரையிறங்கும் படைக்கு 60 டன் டாங்கி தேவையில்லை. ஆனால் கவசத்துக்குப் பின்னால் பீரங்கி வைத்த, அந்தக் கரை தாங்கக்கூடிய வண்டி ஏதாவது ஒன்று கட்டாயம் வேண்டும். பட்டாலியனுக்கு மூன்று பீரங்கி போதாது. அதற்கான குண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு 105 மிமீ குண்டு சுமார் 15 கிலோ. ஆறு பீரங்கி, ஆளுக்கு 300 குண்டு என்றால் 27 டன். அதைத் தூக்க ஹெலிகாப்டர் வேண்டும். ஒரு கப்பல் மூழ்கினால் மொத்தமும் போகாதபடி அவற்றைப் பிரித்து ஏற்ற வேண்டும். நின்று இறக்கும் கப்பலுக்கு மேலே விமான எதிர்ப்புக் காவல் வேண்டும். கரையின் ஆழத்தை முன்கூட்டி அளந்து வைத்திருக்க வேண்டும். இவை எதுவும் இல்லையென்றால் "லேசான படை" என்பது ஒரு திட்டம் அல்ல, பற்றாக்குறைக்கு வைத்த நல்ல பெயர்.

இவ்வளவு செலவு செய்ய முடியாது என்று அரசு சொன்னால் அதுவும் நேர்மையான பதில்தான். அப்படியானால் அந்தப் படைக்கு அதற்கேற்ற வேலையை மட்டும் கொடுக்க வேண்டும். புயல் நிவாரணம், மாலே மாதிரி அவசரம், ஆளில்லாத தீவில் கொடி நடுவது. கனமான எதிரி முன்னால் அனுப்பக்கூடாது. வேலையைப் பெரிதாகக் கொடுத்துவிட்டுச் சாமானைக் குறைப்பதுதான் ஆபத்து. நடுவில் இருக்கும் வித்தியாசத்தை யாரோ ஒரு பிள்ளை ஈடுகட்ட வேண்டியிருக்கும். வெலிங்டனில் பயிற்சி முடித்து வரும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பையனாகவும் இருக்கலாம்.

இதை எழுதுவதற்கு முன் அண்ணாச்சியிடம் கடைசியாக ஒரு முறை பேசினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தம்பி, நான் லேசா இருக்கணும்னு சொன்னது இறங்குறவனை. கப்பலைச் சொல்லல" என்றார். அப்படிப் பார்த்தால் எங்கள் இரண்டு பேருக்கும் பெரிய சண்டையே இல்லை போல :-)

பையன் இப்போது வளர்ந்துவிட்டான். அன்று கேட்டதை அவன் மறந்திருப்பான். ஆனாலும் பதில் சொல்லிவிட்டேன்: "இவங்க மட்டும் இறங்கினா ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. இவங்க பின்னாடி என்ன இறங்குதுன்னு பாக்கணும். அதத்தான் அன்னிக்கு பீச்ல காட்டல."